விரலில் தெரியும் எண்ணும் கலத்துக்குள் எரியும் விளக்கும்

கோவிட் காலத்தில் லூயிஷாம், கற்போர்ட் பகுதிகளில் வாழும் எம்மவர் பலர் விரல் நுனியில் மாட்டும் சிறு கிளிப் ஒன்றை வாங்கினார்கள். பல்ஸ் ஒக்சிமீற்றர் என்பது அதன் பெயர். 2020 நவம்பரில் இங்கிலாந்துச் சுகாதார சேவையும் வீட்டிலிருந்தே ஒட்சிசன் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கி, ஆபத்துக் கூடிய நோயாளருக்கு இக்கருவியைக் கொடுத்தது. அந்தக் கிளிப் இன்றும் பல வீடுகளில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. இருமல் வந்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால் உடனே எடுத்து விரலில் மாட்டுகிறோம். 97, 98 என்று காட்டினால் மனம் ஆறுகிறது.

"டொக்டர், ஒட்சிசன் 98 காட்டுது. பிறகேன் படியேற முடியாமல் களைக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால் ஒட்சிசன் எங்கே ஏற்றப்படுகிறது, எங்கே இறக்கப்படுகிறது, எங்கே செலவாகிறது என்று பிரித்து அறிய வேண்டும். விரல் கிளிப் முதலாவதை மட்டுமே பார்க்கிறது. கடைசி இடமான உயிர்க்கலத்தின் உள்ளே ஒட்சிசனை அளக்க விஞ்ஞானிகள் உலோகம் கலந்த ஒளிரும் சாயங்களைப் பயன்படுத்துகிறார்கள். இம்முறை அந்தச் சாயங்களைப் பற்றியும், அவை எமக்குக் கற்றுத்தரும் பாடத்தைப் பற்றியும் பார்ப்போம்.

ஒட்சிசனின் பயணம்

எம்மைச் சுற்றியுள்ள வளியில் ஏறத்தாழ 21 வீதம் ஒட்சிசன். கடல் மட்டத்தில் அதன் அமுக்கம் சுமார் 160 மில்லிமீற்றர் இரசம். சுவாசப்பையின் சிற்றறைகளை அடையும்போது அது 100 அளவுக்குக் குறைகிறது. அங்கே செங்குருதிக் கலங்களில் உள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனை ஏற்றிக்கொள்கிறது. நாடிகள் வழியே போய், மயிர்த்துளைக் குழாய்களில் இறக்கிவிட்டு, நாளங்கள் வழியே திரும்பும்போது அமுக்கம் 40 அளவில் நிற்கிறது. இழையங்களுக்குள் பொதுவாக 20 முதல் 40 வரை. கலத்துக்குள் இருக்கும் இழைமணிகளிலோ இன்னும் குறைவு. இந்த இழைமணிகளே கலத்தின் அடுப்பு. நாம் உண்ணும் சோற்றின் சத்தை ஒட்சிசனோடு சேர்த்து எரித்துச் சக்தியாக்குவது அங்கேதான்.

ஊரிலே சங்கக்கடைக்கு அரிசி வந்து இறங்கியது என்றால் எல்லா வீட்டிலும் உலை கொதித்தது என்று பொருளில்லை. லொறி நிரம்பியிருக்கலாம், பாதை மறிபட்டிருக்கலாம். பாதை திறந்திருக்கலாம், லொறிகள் போதாதிருக்கலாம். அரிசி வீட்டுக்கே வந்திருக்கலாம்; அடுப்பு எரியாமல் இருக்கலாம். ஒட்சிசனின் கதையும் இதுதான்.

கிளிப் எப்படி அளக்கிறது?

1974ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி அறிமுகப்படுத்திய முறையே இன்றைய ஒக்சிமீற்றரின் அடிப்படை. கிளிப்பின் ஒரு பக்கத்தில் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் உண்டு. மறுபக்கத்தில் அவற்றைப் பிடிக்கும் உணரி. ஒட்சிசன் ஏறிய குருதி பளிச்சென்ற சிவப்பு. அது சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஒட்சிசன் இறங்கிய குருதி கருஞ்சிவப்பு. அது சிவப்பு ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். நாடித்துடிப்போடு கூடிக் குறையும் இந்த ஒளியை ஒப்பிட்டு, ஈமோகுளோபினில் எத்தனை வீதம் ஒட்சிசன் ஏற்றியிருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது.

இதில் இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, அது காட்டுவது வீதம். மொத்தம் எத்தனை லொறிகள் ஓடுகின்றன என்று அதற்குத் தெரியாது. மற்றது, அது ஒளியின் அளவைக் கொண்டு முடிவு செய்கிறது. விரலைத் தாண்டி எவ்வளவு ஒளி வந்தது என்பதே அதன் சாட்சி. தோலின் நிறம் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

ஒட்சிசன் குறைந்தால் பிரகாசிக்கும் விளக்கு

பிள்ளைகளின் படுக்கையறைக் கூரையில் ஒட்டும் பிளாஸ்ரிக் நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். மின்விளக்கை அணைத்த பின்னும் அவை பச்சையாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும். வாங்கிய ஒளியை உடனே கொடுத்துவிடாமல் வைத்திருந்து மெல்ல மெல்ல விடுவதை நின்றொளிர்தல் என்று சொல்லலாம். விஞ்ஞானிகள் பயன்படுத்தும் சாயங்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஆனால் அவை ஒளியை வைத்திருக்கும் நேரம் மிகமிகக் குறுகியது. பல்லேடியம் சேர்ந்த சாயங்கள் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் சில நூறு பங்கு நேரமும், பிளாற்றினம் சேர்ந்தவை சில பத்துப் பங்கு நேரமும், ருத்தேனியம் சேர்ந்தவை சில பங்கு நேரமும் மட்டுமே ஒளிர்கின்றன. கண்ணுக்கு எட்டாவிட்டாலும் கருவிகளால் இதைத் துல்லியமாக அளக்க முடியும்.

உலோகம் எதற்கு? சாய மூலக்கூறு ஒளியை வாங்கியதும் அதன் இலத்திரன் ஒன்று மேல்நிலைக்குத் தாவுகிறது. பாரமான உலோக அணு நடுவில் இருந்தால் அந்த இலத்திரன் சட்டென்று இறங்கிவிடாமல் ஓர் இடைப்படியில் தங்கி நிற்கும் வாய்ப்புக் கூடுகிறது. அங்கிருந்து மெதுவாக இறங்கும்போது வெளிவருவதே நின்றொளிர்வு. அது இடைப்படியில் நிற்கும்போது ஓர் ஒட்சிசன் மூலக்கூறு வந்து மோதினால் சாயம் தன் சக்தியை அதற்குக் கொடுத்துவிட்டு ஒளிராமலே இறங்கிவிடும். ஆகவே ஒட்சிசன் கூடிய இடத்தில் ஒளிர்வு மங்கும், விரைவில் அணையும். குறைந்த இடத்தில் ஒளிர்வு கூடும், நீடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். போத்தலின் வாயை மூடினால் சுடர் சிறுத்து அணைந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தச் சாய விளக்கு அதற்கு நேர்மாறு. காற்றுத் திணறும் இடத்தில்தான் அது நன்றாக எரிகிறது.

இந்தச் சாயங்களில் முக்கியமான ஒரு வகையின் அடிப்படை எமது உடலுக்குப் புதியதன்று. பொர்பிரின் என்னும் வளைய மூலக்கூறின் நடுவில் இரும்பு அமர்ந்தால் அது குருதிக்குச் சிவப்பைத் தரும் ஈம். அதே இனத்து வளையத்தில் மகனீசியம் அமர்ந்தால் முருங்கையிலைக்கும் வல்லாரைக்கும் பச்சை நிறம் தரும் பச்சையம். அந்த இடத்தில் பல்லேடியத்தையோ பிளாற்றினத்தையோ அமர்த்தினால் ஒட்சிசனை அளக்கும் சாயம். இரும்பு ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. பிளாற்றினம் ஒட்சிசனைக் கண்டுபிடித்துச் சொல்கிறது.

வெளிச்சத்தை விட நேரம் நம்பகமானது

ஒரு பொருளின் ஒளிர்வு இன்னொன்றால் எப்படித் தணிகிறது என்ற கணக்கை ஒட்டோ ஸ்ரேர்ன், மக்ஸ் வோல்மர் ஆகியோர் 1919இல் எழுதினார்கள். அதை உயிருள்ள இழையங்களுக்குப் பயன்படுத்தும் வழியை 1987இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜேன் வாண்டர்கூய், டேவிட் வில்சன் ஆகியோரின் குழு வெளியிட்டது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் சேர்கேய் வினோகிராடொவ், சாயத்தைச் சுற்றிக் கிளைவிட்ட மூலக்கூறுக் கூடு ஒன்றை அமைத்தார். குருதியில் உள்ள புரதங்கள் சாயத்தோடு ஒட்டிக் கணக்கைக் குழப்பாமல் இருக்க இது உதவியது. அயர்லாந்தின் கோர்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் டிமித்ரி பப்கோவ்ஸ்கியின் குழு, கலத்தின் உள்ளேயே நுழையக்கூடிய பிளாற்றினச் சாயங்களை உருவாக்கியது.

இவர்கள் எல்லோரும் கண்ட முக்கிய உண்மை ஒன்று உண்டு. ஒளி எவ்வளவு பிரகாசம் என்று பார்ப்பதை விட, எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று பார்ப்பதே நம்பகமானது. பிரகாசம் பல காரணங்களால் மாறும். சாயம் ஓரிடத்தில் கூடுதலாகச் சேர்ந்திருக்கலாம். தோலும் இறைச்சியும் ஒளியைக் குடித்திருக்கலாம். ஆனால் மங்கும் நேரம் சாயத்தின் அளவைப் பொறுத்ததன்று. கோயிலில் மணி அடித்தால் பக்கத்தில் நிற்பவருக்குப் பெரிதாகவும் தெருமுனையில் நிற்பவருக்குச் சிறிதாகவும் கேட்கும். ஆனால் நாதம் தேய்ந்து அடங்கும் வேகம் இருவருக்கும் ஒன்றே. அதுபோலத்தான் இதுவும்.

லண்டனில் நடந்த வேலை

இத்துறையில் எமது நகருக்கும் பங்குண்டு. 1955இல் தொம்லின்சன், கிரே என்ற இரு ஆய்வாளர்கள் சுவாசப்பைப் புற்றுநோய்க் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார்கள். குருதிக் குழாயிலிருந்து ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றருக்கு அப்பால் இருந்த கலங்கள் இறந்துபோயிருந்தன. ஒட்சிசன் கலங்களைக் கடந்து போகும்போதே செலவாகி, அந்தத் தூரத்தில் தீர்ந்துவிடுகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். இடையில் அரைகுறை ஒட்சிசனோடு உயிர்வாழும் கலங்களே ஆபத்தானவை. ஒட்சிசன் இல்லாத கலத்தைக் கொல்லக் கதிர்ச்சிகிச்சையின் அளவு சுமார் மூன்று மடங்கு வரை தேவைப்படும்.

ஹரோவுக்கு அப்பால் நோர்த்வூட்டில், மவுண்ட் வேர்னன் வைத்தியசாலை வளாகத்தில் கிரேயின் பெயரால் ஓர் ஆய்வுகூடம் இயங்கியது. பின்னர் அது ஒக்ஸ்போர்ட்டுக்கு மாறியது. அங்கிருந்த ஆய்வாளர்கள் மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் ருத்தேனியச் சாயத்தை வைத்துக் கட்டிக்குள் நுழைத்து, ஒளிர்வு மங்கும் நேரத்தைக் கொண்டு ஒட்சிசனை அளக்கும் முறையை 1996இல் விபரித்தார்கள். இத்தகைய கருவி பற்றி 1999இல் எழுதியவர்கள் ரூட்டிங் சென் ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். எம்மவர் கடைகளுக்கும் கோயிலுக்கும் போய்வரும் அதே ரூட்டிங்தான்.

சாயங்கள் என்ன சொல்லின?

பிளாற்றினச் சாயத்தைக் கொண்டு 2014இல் உயிருள்ள எலியின் மண்டையோட்டு என்பு மச்சையை அளந்தார்கள். குருதிக் கலங்கள் பிறக்கும் இடம் அது. குருதிக் குழாய்கள் அங்கே நெருக்கமாக இருக்கின்றன. எனினும் ஒட்சிசன் அமுக்கம் 32 மில்லிமீற்றர் இரசத்துக்கும் குறைவு. சில ஆழமான இடங்களில் 10 அளவில்தான். கலியாண வீட்டில் பரிமாறுபவர்கள் எத்தனை பேர் நின்றாலும், பந்தியில் பசித்தவர்கள் அதிகம் என்றால் கடைசி இலைக்கு ஒன்றும் மிஞ்சாது. குழாய்கள் பல இருந்தாலும் உண்ணும் கலங்கள் அங்கே மிக நெருக்கம்.

இன்னொரு பாடமும் உண்டு. ஆய்வுகூடத் தட்டுகளில் வளர்க்கப்படும் கலங்களைச் சுற்றியுள்ள ஒட்சிசன் சுமார் 140 மில்லிமீற்றர் இரசம். உடலுக்குள் அந்தக் கலங்கள் வாழும் நிலையை விட அது பல மடங்கு. அப்படி வளர்ந்த கலத்தில் ஒரு மருந்து செய்யும் வேலையும் உடலுக்குள் செய்யும் வேலையும் வேறாக இருக்கலாம். பத்திரிகையில் 'ஆய்வுகூடத்தில் புற்றுநோய்க் கலங்களை அழித்த மூலிகை' என்று படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

மனிதரில் பயன்படுகிறதா?

மெல்ல மெல்ல வருகிறது. நெதர்லாந்தில் எக்பேர்ட் மிக் என்பவரின் குழு, உலோகம் சேர்க்காமல், எமது கலங்களின் இழைமணிகள் தாமே உண்டாக்கும் பொர்பிரினைப் பயன்படுத்தும் முறையை 2006இல் வெளியிட்டது. மருந்து தடவிய ஒரு பிளாஸ்ரரை நெஞ்சுத் தோலில் ஒட்டினால் அவ்விடத்தில் அந்தப் பொர்பிரின் சேர்கிறது. அதன்மேல் ஒளியைப் பாய்ச்சி, மங்கும் நேரத்தைக் கொண்டு இழைமணியில் உள்ள ஒட்சிசனை அளக்கிறார்கள். சத்திரசிகிச்சையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இது ஆராயப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் கொனர் எவன்ஸின் குழு, புண்ணின்மேல் பூசக்கூடிய திரவப் பட்டி ஒன்றை 2014இல் வெளியிட்டது. அதில் உள்ள ஒளிரும் சாயம், தோலின் எந்தப் பகுதிக்கு ஒட்சிசன் குறைவு என்பதை நிறத்தால் காட்டுகிறது. நீரிழிவுக் காலுக்கும் தோல் ஒட்டுச் சிகிச்சைக்கும் இத்தகைய வழிகள் பின்னர் பயன்படக்கூடும்.

ஜீபீயிடம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பீர்கள். பாரமான உலோகம் உடலில் தங்காமல் வெளியேறுமா என்று உறுதிப்படுத்த வேண்டும். ஒளி தோலுக்குள் அதிக ஆழம் போகாது. சாயம் சக்தியைக் கொடுத்த ஒட்சிசன் சிறிது நேரம் கலத்தைத் தாக்கும் இயல்புள்ளதாக மாறும். சில புற்றுநோய்களுக்குக் கொடுக்கும் ஒளிச்சிகிச்சையில் இந்தத் தாக்கத்தையே மருந்தாக்குகிறார்கள். அளவுகோலுக்கு அது கூடாது. ஆகவே இப்போதைக்கு எமது கையில் உள்ளது விரல் கிளிப் மட்டுமே. அதன் எல்லையை அறிந்து பாவிப்பதே புத்தி.

கிளிப் நல்ல எண் காட்டியும் கலம் பட்டினி கிடக்கும் ஐந்து நிலைகள்

1. குருதிச் சோகை. ஈமோகுளோபின் லீற்றருக்கு 140 கிராம் இருக்க வேண்டியவருக்கு 70 மட்டுமே இருந்தாலும் கிளிப் 98 காட்டலாம். லொறிகள் பாதிதான்; ஆனால் ஓடும் ஒவ்வொரு லொறியும் நிரம்பியிருக்கிறது. எமது பெண்கள் களைப்பை வேலைப்பளு என்று தள்ளிப்போடுகிறார்கள். மாதவிடாய்ப் போக்கு அதிகமுள்ளவர்கள், நீண்ட காலம் சைவ உணவு உண்பவர்கள், முதியவர்கள் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் இரும்புச்சத்துக் குறைந்தால் குடலில் எங்கேனும் குருதி கசிகிறதா என்று பார்ப்பது அவசியம்.

2. காபனோரொட்சைட்டு நஞ்சு. இந்த வாயு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணக் கிளிப் இரண்டையும் வேறுபடுத்தி அறியாது. நோயாளி மயங்கும் நிலையிலும் 98 காட்டலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்து, வெளியே போனால் குறைகிறதா? உடனே வெளியேறுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ இருந்தால் 999. எரிவாயு அவசர இலக்கம் 0800 111 999. பொயிலரை ஆண்டுதோறும் பதிவுபெற்ற காஸ் பொறியியலாளரிடம் காட்டுங்கள். வாடகை வீட்டில் பொயிலர் போன்ற நிலையான எரிகருவி உள்ள வசிப்பறைகளில் எச்சரிக்கைக் கருவி பொருத்துவது 2022 ஒக்ரோபர் முதல் இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் சட்டக் கடமை. பொங்கலுக்கோ பார்பிகியூவுக்கோ கரி அடுப்பை வீட்டுக்குள்ளும் கராச்சுக்குள்ளும் மூட்டவே வேண்டாம்.

3. கால்களின் குருதியோட்டம். விரல் கிளிப் விரலின் கதையைத்தான் சொல்லும். நீரிழிவோ புகைப்பழக்கமோ உள்ளவர்களில் கால் நாடிகள் ஒடுங்கிப் பாதம் ஒட்சிசனுக்கு ஏங்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் ஆறுவது முதல் அறிகுறி. ஆறாத புண், குளிர்ந்த பாதம், இரவில் பாதவலி ஆகியவை அவசரமானவை. நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை நடைபெறும் இலவசக் கால் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

4. குருதி நஞ்சேறல். கடுந்தொற்றில் நுண்ணிய குழாய்களில் ஓட்டம் குழம்பும். கலங்களும் வந்த ஒட்சிசனைச் சரியாகப் பயன்படுத்தாது. எண் நன்றாயிருந்தாலும் பேச்சுக் குழறல், நினைவு தடுமாற்றம், மிகுந்த நடுக்கம், சலம் போகாமை, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், வேகமான மூச்சு இருந்தால் 999ஐ அழையுங்கள்.

5. அடுப்பே அணையும் நஞ்சுகள். சயனைட்டு இழைமணியின் வேலையை நிறுத்திவிடும். குருதியில் ஒட்சிசன் நிறைந்திருக்கும், எடுப்பாரில்லை. மரவள்ளிக் கிழங்கில் சயனைட்டை வெளிவிடும் பொருள்கள் உண்டு. அதைத் தோல் நீக்கி, சட்டியை மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்ற வேண்டும் என்று அம்மம்மாமார் சொன்னதில் ஞாயம் இருக்கிறது. இங்கே கடையில் உறைநிலையில் வாங்கும் கிழங்குக்கும் அதையே செய்யுங்கள்.

எமது தோலும் கிளிப்பும்

மேலே சொன்ன ஐந்திலும் கிளிப்பின் எண் சரியாக இருந்தும், அல்லது காபனோரொட்சைட்டைப் போல் ஏமாந்தும், கலம் பட்டினி கிடக்கலாம். இதைவிட, எமது தோலின் நிறத்தால் எண்ணே சிறிது கூடிக் காட்டுவதும் உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது: கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், நாடிக் குருதியை நேரடியாகப் பரிசோதித்தபோது 88க்கும் குறைவாக இருந்தது கறுப்பினத்தவரில் 11.7 வீதம், வெள்ளையினத்தவரில் 3.6 வீதம். 2022இல் வெளியான வேறோர் ஆய்வு, கோவிட் நோயாளரில் ஆசியருக்கும் இவ்வாறு கூடிக் காட்டியதாகக் கண்டது. பிரித்தானிய அரசு நியமித்த, பேராசிரியர் மார்கரெட் வைற்ஹெட் தலைமையிலான குழு 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையும், கருமையான தோலில் இக்கருவிகள் ஒட்சிசனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று ஏற்றுக்கொண்டது.

காரணத்தை நீங்களே இப்போது ஊகிக்கலாம். கிளிப் ஒளியின் அளவை நம்புகிறது. தோலின் மெலனின் ஒளியை உறிஞ்சுகிறது. கருவிகளின் கணக்கைச் சரிசெய்தபோது வெளிர்நிறத் தோலுள்ளவர்களையே பெரும்பாலும் கொண்டு சரிசெய்தார்கள். மங்கும் நேரத்தை அளக்கும் சாய முறைக்கு, கொள்கையளவில், இந்தக் குறை கிடையாது. ஒளி குறைவாக வந்தாலும் அது தேயும் வேகம் மாறாது. இந்தச் சாய ஆராய்ச்சியை எமது சமூகம் அக்கறையோடு பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

நாம் மருத்துவம் கற்ற காலத்தில் யாழ்ப்பாணத்தில் கருவிகளும் குறைவு, மின்சாரமும் இல்லை. நோயாளியின் நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பகல் வெளிச்சத்தில் பார்க்கவும், மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணவும் ஆசிரியர்கள் பழக்கினார்கள். மாநிறத்தோரில் முகத்தோலைப் பார்த்து நீலம் பாய்ந்ததை அறிய முடியாது. நாக்கு, முரசு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றையே பார்க்க வேண்டும். கருவி வந்தாலும் அந்தப் பழக்கம் வீண்போகாது.

கிளிப்பைப் பாவிக்கும் முறை

ஐந்து நிமிடம் ஆறியிருந்து பாருங்கள். கை சூடாக இருக்கட்டும். நகப்பூச்சையும் செயற்கை நகத்தையும் அகற்றுங்கள். மருதாணி இட்ட விரலைத் தவிருங்கள். நடுவிரலிலோ சுட்டுவிரலிலோ மாட்டி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடம் பொறுங்கள். நேரத்தோடு எழுதி வையுங்கள். கைத்தொலைபேசிச் செயலிகளை நம்ப வேண்டாம்.

நாட்பட்ட சுவாசப்பை நோய் இல்லாதவருக்குப் பொதுவாக 95க்கு மேல் நல்லது. 93, 94 என்றால் ஜீபீயையோ 111ஐயோ அழையுங்கள். 92 அல்லது அதற்குக் கீழ் என்றால் 999. நாட்பட்ட சுவாசப்பை நோயுள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை என்று வைத்தியர் குறித்துக் கொடுத்திருப்பார். அவர்கள் அதையே பின்பற்ற வேண்டும்.

எமது தோலுக்கு ஒற்றை எண்ணை விட மாற்றம் முக்கியம். சுகமாக இருக்கும் ஒரு நாளில் வீட்டில் உள்ளவர்களின் எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வழக்கமாக 98 காட்டும் அப்பாவுக்கு நோயில் 94 காட்டினால், அது எல்லைக்குள் இருக்கிறதே என்று பேசாமல் இருக்க வேண்டாம். தொலைபேசியில், "வழக்கமாக 98, இப்போது 94, ஒரு வசனத்தைச் சேர்த்துச் சொல்ல மூச்சு முட்டுகிறது" என்று சொல்லுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அது இலவசம்.

மூச்செடுக்க முடியாமை, நெஞ்சுவலி, மயக்கம், நாக்கு நீலம் பாய்தல் இவற்றில் எது இருந்தாலும் கிளிப்பைத் தேடி லாச்சியைக் கிளற வேண்டாம். 98 காட்டினாலும் 999ஐ அழையுங்கள். கலத்துக்குள் எரியும் விளக்கை வீட்டிலிருந்தே பார்க்கும் கருவி ஒருநாள் வரலாம். அதுவரை எண்ணையும் பாருங்கள், ஆளையும் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் ஆளை நம்புங்கள்.